எடைப்பயிற்சியில் ஆர்வம் குறையும்போது: காரணத்தைக் கண்டறிந்து அட்டவணையைத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் எந்த ஜிம்முக்குப் போனாலும் தை மாதத்தில் கூட்டம் நிறைந்திருக்கும்; பங்குனி பிறப்பதற்குள் அதில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஓராண்டு, ஈராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்து, இருபுறமும் எடை மாட்டிய இரும்புக் கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும், அதைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டும் முறையாகக் கற்று, உடல் மாறுவதைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் திடீரென்று அவர்களுக்குப் பாரைத் தொடவே பிடிக்காமல் போகிறது. ஜிம் பை முகப்புத் திண்ணையிலேயே கிடக்கிறது. “என்னண்ணே, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?” என்று கூடப் பயிற்சி செய்யும் தம்பிகள் கேட்டால் வேலை என்றோ வெயில் என்றோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது அவர்களுக்காக.

இப்படிப்பட்டவர்களுக்கு எங்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போய்விடு. அந்த அறிவுரை பலருக்குத் தீங்கு செய்வதை நான் பார்த்திருக்கிறேன். நெடுநாள் பயிற்சி செய்தவருக்கு ஆர்வம் குறைவது பெரும்பாலும் களைப்பு, தேக்கம், சலிப்பு, நேர நெருக்கடி ஆகிய நான்கில் ஒன்றாலோ இரண்டாலோ நேர்கிறது. நான்குக்கும் திருத்தம் வேறு வேறு. களைப்புக்கு எடையையும் செட்டுகளையும் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) சேர்த்தே சில நாட்கள் குறைக்க வேண்டும். நேர நெருக்கடிக்குச் செட்டுகளைக் குறைத்து எடையை அப்படியே வைத்திருக்க வேண்டும். தேக்கத்துக்கு எடை ஏற்றும் முறையை மாற்ற வேண்டும். சலிப்புக்குப் பயிற்சிகளை மாற்ற வேண்டும். களைத்துப்போன ஒருவர் தமக்கு வந்திருப்பது சலிப்பு என்று நினைத்துப் புதிய கடும் பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டால் அடுத்த மாதமே தோளிலோ இடுப்பிலோ வலியோடு உட்கார்ந்துவிடுவார். ஆகவே அட்டவணையில் கைவைப்பதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எல்லாம் அதைச் சார்ந்தே நிற்கின்றன.

முதல் படி: காரணத்தைக் கண்டறிதல்

அடுத்த மூன்று பயிற்சி நாட்களை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஜிம்முக்குப் போய்ப் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். பிறகு அன்றைய முதல் பயிற்சியை மட்டும், வழக்கமான எடையின் முக்கால் பங்கில் இரண்டு செட் செய்யுங்கள். அதன்பின் தொடரலாம் என்று தோன்றினால் தொடரலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டில் இருக்கும்வரை வெறுப்பாக இருந்து, பாரைப் பிடித்தவுடன் பழைய உற்சாகம் வந்துவிட்டால் உங்கள் உடலில் குறையில்லை. சலிப்போ நேர நெருக்கடியோதான் உங்களைத் தடுக்கிறது. மாறாக, முக்கால் பங்கு எடையே முழு எடைபோலக் கனத்தால், அதுவும் மூன்று நாட்களும் அப்படியே இருந்தால், அது களைப்பு. உற்சாகமும் இருக்கிறது, எடையும் கனக்கவில்லை, ஆனால் மூன்று மாதமாக நோட்டில் ஒரே எண்களே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன என்றால் அது தேக்கம்.

களைப்பை உறுதி செய்ய வேறு சில அடையாளங்களும் உண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், ஒரு நிமிடத்துக்கான நாடித்துடிப்பை எண்ணி எழுதி வாருங்கள். உங்கள் வழக்கமான எண்ணைவிடத் தொடர்ந்து பல நாட்கள் அது தெளிவாக உயர்ந்திருந்தால் உடல் முழுமையாக மீளவில்லை என்று கொள்ளலாம். படுத்தும் தூக்கம் வராமை, காரணமின்றி வீட்டாரிடம் எரிந்து விழுதல், அடிக்கடி சளி பிடித்தல், மூட்டுகளில் விடாத வலி ஆகியவையும் அதே பக்கம் கைகாட்டுகின்றன.

நோட்டில் எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் இன்றிலிருந்து தொடங்குங்கள். தேதி, பயிற்சி, எடை, செட், ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்), கடைசி செட்டின் முடிவில் இன்னும் எத்தனை ரெப் செய்திருக்க முடியும் என்ற உங்கள் கணிப்பு: இவ்வளவு போதும். அந்தக் கடைசிக் கணிப்பு மிகவும் முக்கியமானது. அதே எடை, அதே ரெப். ஆனால் சென்ற மாதம் மூன்று ரெப் மிச்சம் இருந்த இடத்தில் இந்த மாதம் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால், நீங்கள் உணர்வதற்கு முன்பே களைப்பு ஏறுவதை நோட்டு சொல்லிவிடும்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிம் மட்டுமல்லாமல் சாப்பாடு, நண்பர்கள், தொழில், பிள்ளைகளோடு பேசுவது என எதிலுமே இரண்டு வாரங்களுக்கு மேல் நாட்டமில்லாமல் இருந்தால் அதை அட்டவணை மாற்றத்தால் சரிசெய்ய முயல வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் ஆகியவையும் இதே சோர்வைத் தரும். எளிய இரத்தப் பரிசோதனைகளில் அவை தெரிந்துவிடும். மனச்சோர்வு என்று சந்தேகம் வந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இரண்டாம் படி: களைப்பென்றால் ஒரு வாரம் இறங்கி வருதல்

களைப்பு உறுதியானால் ஒரு வாரம் முழுவதும் பயிற்சியை வேண்டுமென்றே குறைக்க வேண்டும். ஜிம்முக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமான எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வழக்கமான செட்டுகளில் பாதி: இதுதான் கணக்கு. ஸ்குவாட்டில் 90 கிலோவை ஆறு ரெப் வீதம் நான்கு செட் செய்பவர், அந்த வாரம் 60 கிலோவை ஆறு ரெப் வீதம் இரண்டு செட் மட்டும் செய்வார். மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோ தூக்குபவர் 40 கிலோவோடு நிறுத்திக்கொள்வார். வியர்வை வருமுன்பே பயிற்சி முடிந்துவிட்டதுபோல இருக்கும். அப்படி இருப்பதுதான் சரி.

இந்த ஒரு வாரத்தில் தசை கரைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒழுங்காகப் பயிற்சி செய்தவர் இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சியே செய்யாவிட்டாலும் அவருடைய பலம் பெரிதாகக் குறைவதில்லை. அப்படியிருக்க, குறைந்த எடையோடு தொடரும் ஒரு வாரத்தில் இழப்பதற்கு எதுவுமில்லை. களைப்பு ஏறியிருக்கும்போது உண்மையான பலம் அதற்கடியில் மறைந்து கிடக்கிறது; களைப்பு இறங்கியதும் அது மேலே தெரிகிறது. அதனால்தான் இறங்கிய வாரத்துக்கு அடுத்த வாரம் பலர் தங்கள் பழைய உச்ச எடையை எளிதாகத் தாண்டுகிறார்கள்.

கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இப்படி இறங்கி வருவது நல்லது. ஆனால் அந்த வாரம் தூக்கமும் உணவும் சரியாக இல்லையென்றால் பலன் பாதியாகிவிடும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். இரவு பத்தரைக்குக் கடை அடைத்து, பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து ஜிம்முக்கு வருபவருக்கு எந்த அட்டவணையும் நெடுநாள் உதவாது. அவர் காலைப் பயிற்சியை விட்டுவிட்டு மதிய இடைவேளையில் வருவதே மேல்.

உணவைப் பொறுத்தவரை செட்டிநாட்டில் குறையொன்றும் இல்லை; ஆனால் புரதம் எங்கே இருக்கிறது என்பதில்தான் குழப்பம். எடைப்பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதுமானது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 110 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வெந்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் சுமார் 30 கிராம் இருக்கிறது. கோழிக் குழம்பில் மிதக்கும் இரண்டு எலும்புத் துண்டுகளை வைத்து அந்தக் கணக்கைப் போடக் கூடாது. கந்தரப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி ஆகியவை பயிற்சிக்கு வேண்டிய மாவுச்சத்தை நன்றாகத் தரும். தசைக்கு வேண்டியதைத் தரமாட்டா. இன்னொன்று: மாதக்கணக்கில் வயிற்றைக் கட்டி உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆர்வம் போவது இயல்பு. அவர்கள் அட்டவணையைத் தொடுவதற்கு முன், இரண்டு வாரமாவது உடல் எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவுக்கு வயிறாரச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாம் படி: கத்திரி வெயிலுக்கென்று ஓர் அட்டவணை

நம் பகுதியில் களைப்புக்கு இரண்டாவது பெயர் வெயில். மே 4 வாக்கில் தொடங்கி அம்மாதக் கடைசி வாரம் வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திரத்திலும், அதற்கு முந்தைய சித்திரை வாரங்களிலும், மேலே தகரமும் பக்கவாட்டில் இரண்டு சன்னல்களுமாக இருக்கும் ஜிம்மில் மாலை ஐந்து மணிக்கு டெட்லிஃப்ட் செய்பவருடைய இதயம், தசைகளுக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. தோலுக்குப் போகும் இரத்தம் உடலைக் குளிர்விக்கப் போகிறது. இதயத்துக்கு அந்த அளவு சுமை கூடுகிறது. அதே எடை கனப்பதற்குக் காரணம் அதுதான். பலம் எங்கும் போய்விடவில்லை.

வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே கோடை ஏறத் தொடங்கும் வாரங்களிலேயே செட்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, செட்டுகளுக்கு இடையிலான ஓய்வை மூன்று நான்கு நிமிடங்களாக நீட்டிக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் பயிற்சியைக் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; தகரக்கூரை அப்போதுதான் ஓரளவு ஆறியிருக்கும். கத்திரியில் புதிய உச்ச எடைக்கு முயல வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உப்புப் போட்ட நீர்மோர் குடிப்பது, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதைவிட மேலானது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உடம்பு இளைக்குமென்று பிளாஸ்டிக் ஜாக்கெட் அணிந்து பயிற்சி செய்யும் பழக்கத்தை இந்த மாதங்களில் யாரும் செய்யாதீர்கள். அதில் போவது தண்ணீர் மட்டுமே. தலைசுற்றல், குமட்டல், உடல் நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தி நிழலில் படுக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, உடலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

நான்காம் படி: தேக்கமென்றால் எடை ஏற்றும் முறையை மாற்றுதல்

முதல் சில மாதங்களில் பலம் வேகமாக ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் பாரைக் கையாளக் கற்றுக்கொள்வதுதான். அந்தக் கற்றல் முடிந்ததும், தசை உண்மையிலேயே வளர்ந்தால்தான் எடை ஏறும். தசை மெதுவாகவே வளரும். வாராவாரம் ஏறிப் பழகிய கண்களுக்கு இந்த மெதுவான வளர்ச்சி தோல்விபோலத் தெரிகிறது. நன்றாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த பலரை நாம் இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம் ஜிம்களில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் பெரும்பாலும் 1.25 கிலோ. பாரின் இருபுறமும் ஒவ்வொன்று போட்டால் 2.5 கிலோ கூடுகிறது. 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது நூற்றுக்கு இரண்டரை. பாரைத் தலைக்கு மேலே தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸை 40 கிலோவில் செய்பவருக்கு நூற்றுக்கு ஆறேகால். ஒரே பிளேட், ஆனால் தோளுக்கு அது இரண்டரை மடங்கு பெரிய தாவல். பெரும்பாலானோருக்கு ஓவர்ஹெட் பிரஸ்ஸும், பெண்களுக்குப் பெஞ்ச் பிரஸ்ஸும் முதலில் நின்றுபோவதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். பலம் இருந்தும் அடுத்த படி எட்டவில்லை. படி அவ்வளவு உயரம்.

இதற்கு எளிய தீர்வு, எடையை ஏற்றுவதற்கு முன் ரெப்பை ஏற்றுவது. 40 கிலோவை ஆறு ரெப் வீதம் மூன்று செட் செய்பவர், எடையைத் தொடாமல், அடுத்த பயிற்சியில் முதல் செட்டை மட்டும் ஏழாக்க முயலட்டும்; பிறகு இரண்டாவது செட்டை; பிறகு மூன்றாவதை. மூன்று செட்டிலும் ஒன்பது ரெப் வந்தபின் 42.5 கிலோவுக்குப் போய், மீண்டும் ஆறிலிருந்து தொடங்கலாம். இதற்கு ஆறு முதல் பத்து வாரங்கள் ஆகலாம். ஆனால் அந்த வாரங்களில் பெரும்பாலானவற்றில் நோட்டில் ஏதோ ஓர் எண் கூடியிருக்கும். ஆர்வத்தைத் தாங்கி நிறுத்துவது அதுதான். அரைக் கிலோ பிளேட்டுகள் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது, புரோட்டீன் பவுடருக்குச் செலவழிப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

இந்த முறையிலும் எட்டு வாரங்களாக எதுவும் நகரவில்லை என்றால், அசைவில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் கதை இதற்குப் பொருந்தும். 2016 ரியோ ஒலிம்பிக்கில், பாரைத் தோளுக்கு எடுத்துப் பிறகு தலைக்கு மேலே ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சிகளும் தோற்று, மொத்த எடையே பதிவாகாமல் வெளியேறியவர் அவர். அடுத்த ஆண்டே 48 கிலோ பிரிவில் உலக சாம்பியன் ஆனார். பிறகு தோள்பட்டைத் தொல்லை வந்தபோது, 2020இல் அமெரிக்கா சென்று, தோளின் சமநிலைக் குறைபாட்டைச் சரிசெய்வதற்கென்றே பயிற்சியைத் திருத்தி அமைத்துக்கொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு டோக்கியோவில் இரண்டு வகைத் தூக்கலும் சேர்ந்து மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவ்வளவு உயரத்தில் இருப்பவரே எடையைக் கூட்டுவதை நிறுத்தி, அசைவைத் திருத்தத் தனியே நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

உங்கள் அசைவைக் கவனிக்க, பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படம்பிடித்துப் பாருங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருப்பதால் முறையாக உடற்கல்வி பயின்றவர்களை இந்த வட்டாரத்தில் கண்டுபிடிப்பது கடினமன்று. உங்கள் ஜிம் மாஸ்டருக்கு நேரமில்லையென்றால், அப்படி ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சலிப்பென்றால் பயிற்சிகளை மாற்றுதல்

சலிப்புக்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் முன்னேற்றத்தை அளக்க அளவுகோல் இல்லாமல் போய்விடும். இரண்டு முக்கியப் பயிற்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸைப் பாரிலிருந்து டம்பெல்லுக்கு மாற்றலாம். பின்தோள் ஸ்குவாட்டுக்குப் பதிலாக முன்தோள் ஸ்குவாட் செய்யலாம். இயந்திரத்தில் இழுப்பதற்குப் பதிலாகக் கம்பியில் தொங்கி இழுக்கலாம். மாற்றியவற்றை ஆறு வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும். வாரத்துக்கொரு புதுப் பயிற்சி என்று போனால் உடல் வலிக்குமே தவிர வளராது.

நம் மண்ணின் பயிற்சிகளும் இருக்கின்றன. தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் சூடேற்றப் பயிற்சிகளாக மிக நல்லவை. கையில் பிடித்துச் சுழற்றும் கர்லாக்கட்டை, பெஞ்ச் பிரஸ் மட்டுமே செய்து இறுகிப்போன தோள்களை விடுவிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று கிலோ கட்டையில் தொடங்க வேண்டும். இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கும் ஆசை இப்போது இளைஞர்களிடம் மீண்டும் வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது கைப்பிடியற்ற உருண்டைக் கல். அதைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகு வளைந்தே தீரும். நீங்கள் டெட்லிஃப்டில் எளிதாகத் தூக்கும் எடையில் பாதி கனமுள்ள கல்லையோ மணல் மூட்டையையோ மடிவரை எடுத்து, பிறகு நெஞ்சுவரை கொண்டுவந்து பழகுங்கள். தோளுக்கு மேலே ஏற்றிப் பின்னால் போடுவதெல்லாம் மாதங்கள் கடந்தபின், மணல் தரையில், அருகில் ஆள் இருக்கும்போது மட்டும்.

ஆறாம் படி: நேரமில்லையென்றால் குறைந்தபட்ச அட்டவணை

பெற்ற பலத்தைக் காப்பாற்றத் தேவைப்படும் பயிற்சி, அதைப் பெறத் தேவைப்பட்ட பயிற்சியைவிட மிகவும் குறைவு. எடையைக் குறைக்காமல் இருந்தால், செட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே செய்து பல வாரங்கள் பலத்தை நிலைநிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசைகளை வலுவாக்கும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது. ஆறு நாள் அட்டவணையில் நான்கு நாட்களைத் தவறவிட்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்விலேயே மற்ற இரண்டையும் விட்டுவிடுபவர்கள் பலர். இரண்டு நாள் அட்டவணையை முதலிலேயே எழுதிக்கொண்டவர் இரண்டையும் செய்து முடிக்கிறார்.

செக்காலை சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ. வெள்ளிக்கிழமை டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ், இயந்திரத்தில் மேலிருந்து கீழே இழுக்கும் புல்டவுன். ஒவ்வொன்றிலும் சூடேற்றும் செட்டுகளுக்குப் பிறகு வழக்கமான எடையில் இரண்டு செட். டெட்லிஃப்டில் ஒன்றே போதும். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். கையும் வயிறும் தனியாகச் செய்யவில்லையே என்ற கவலை வேண்டாம். சில வாரங்களுக்கு அவை தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

இந்த அட்டவணையை எப்போது எடுக்க வேண்டும் என்பதை நம் ஊரில் முன்கூட்டியே கணிக்கலாம். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு, தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு புறப்படும் பழநிப் பாதயாத்திரை, வைகாசியில் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழா, இடையிடையே முகூர்த்தங்கள், வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து பெரிய வீட்டைத் திறக்கும் நாட்கள்: இவை எதிர்பாராமல் வருபவை அல்ல. ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அந்த வாரங்களைக் குறித்து, அவற்றுக்கு நேராகக் குறைந்தபட்ச அட்டவணையை எழுதி வைத்துவிடுங்கள். பாதயாத்திரை செல்பவர்கள் அந்த நாட்களைப் பயிற்சி தவறிய நாட்களாகக் கருத வேண்டாம். கால்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. திரும்பியதும் ஒரு வாரம் கால் பயிற்சியை விட்டுவிட்டு, பாதக் கொப்புளங்கள் ஆறும்வரை மேலுடல் பயிற்சிகளை மட்டும் செய்யலாம்.

ஜிம்முக்குப் போகவே முடியாத வாரங்களில் வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு, பழைய வீட்டில் இருப்பவர்களாக இருந்தால், ஒரு கோரிக்கை. வளவு என்னும் உள்முற்றப் பகுதியிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் கையால் வார்த்த சிமெண்டுக் கற்கள். டம்பெல் ஒன்று நழுவி விழுந்தால் ஓரம் தெறித்துவிடும், அதே பூவும் அதே நிறமுமாக மாற்றுக் கல் அமைவது அரிது. தடித்த ரப்பர் பாயை இரண்டு அடுக்காக விரித்து, அதன்மேல் நின்றே செய்யுங்கள். வியர்வை சொட்டிய கல் வழுக்கும் என்பதற்காகவும் அந்தப் பாய் வேண்டும். கதவு நிலையில் மாட்டும் புல்அப் கம்பிகளைச் சிற்ப வேலைப்பாடுள்ள தேக்கு நிலைகளில் மாட்ட வேண்டாம். வேலைப்பாடும் கெடும், கம்பியும் சரியாகப் பிடிக்காது. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துப் பளபளப்பாக்கிய சுவரில் துளை போடவே வேண்டாம். பின்கட்டு முற்றத்தில், எடை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்லை வைத்துக்கொண்டு ஒற்றைக்கால் ஸ்குவாட், ரோ, தரையில் படுத்துச் செய்யும் பிரஸ் ஆகியவற்றைச் செய்தால் மூன்று வாரங்களைத் தாராளமாகக் கடத்திவிடலாம். வீட்டு ஆச்சிமார்களும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் படி: நின்றுபோனவர் திரும்பி வருதல்

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு நான்கு காரணங்களையும் தாண்டி இன்னொரு தடை இருக்கிறது: பழைய எண்கள். முன்பு 100 கிலோ தூக்கியவர் 50 கிலோவோடு நிற்பதை மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சத்திலேயே பலர் திரும்புவதில்லை. ஒருமுறை வளர்ந்த தசை, முதன்முறை எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த காலத்தில் மீண்டும் வளர்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வார இடைவெளிக்குப் பின் பழைய எடையில் ஐந்தில் நான்கு பங்கோடு தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். மூன்று மாத இடைவெளி என்றால் பாதி எடை. முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட், இரண்டாம் வாரம் இரண்டு செட், மூன்றாம் வாரத்திலிருந்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். முதல் நாள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டால், அடுத்த இரண்டு மூன்று நாட்கள் உச்சத்தில் இருக்கும் தசைவலி உங்களை மீண்டும் வீட்டில் உட்கார வைத்துவிடும். தாங்க முடியாத வலியும் வீக்கமும், கூடவே சிறுநீர் கோலா நிறத்தில் போவதும் சேர்ந்தால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையின் அறிகுறி. ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எட்டாம் படி: பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் முடிவெடுத்தல்

திருத்திய அட்டவணையைப் பன்னிரண்டு வாரங்கள் கடைப்பிடித்தபின் நோட்டைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: திட்டமிட்ட நாட்களில் எத்தனை நாட்கள் போயிருக்கிறீர்கள், முக்கியப் பயிற்சிகளில் எடையோ ரெப்போ கூடியிருக்கிறதா, கடைசி செட்டில் மிச்சமிருக்கும் ரெப்களின் எண்ணிக்கை எப்படி மாறியிருக்கிறது. நாட்கள் நிறைந்து எண்களும் ஏறியிருந்தால் அதே அட்டவணையைத் தொடருங்கள். ஆர்வம் திரும்பியதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளத் தேவையிருக்காது. நாட்கள் நிறைந்தும் எண்கள் ஏறவில்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நாட்களே நிறையவில்லையென்றால் அட்டவணை இன்னும் உங்கள் வாழ்க்கையைவிடப் பெரிதாக இருக்கிறது; அதை மேலும் சுருக்குங்கள்.

நாட்களும் நிறைந்து, எண்களும் ஏறி, உடல்நிலையும் நன்றாக இருந்து, இன்னும் பாரைத் தொடப் பிடிக்கவில்லை என்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் பாரை விட்டுவிடலாம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தசைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கொடுக்க வேண்டும் என்பதே தேவை. அந்த வேலை பாரில்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி இழுத்தல், மணல் மூட்டை சுமந்து ஊருணியைச் சுற்றி நடத்தல் ஆகிய நான்கையும், ஒவ்வொரு செட்டிலும் கடைசி ரெப்கள் சிரமப்படும் அளவுக்கு, வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் செய்துவந்தால் அந்தத் தேவை நிறைவேறிவிடும். நோட்டை மட்டும் தொடர்ந்து எழுதி வாருங்கள்.